செம்பனைக் காட்டில் எந்தப் பக்கம் திரும்புவது?

செம்பனைத் தோட்டத்தில் வழி தவறுவதற்கு அது அடர்ந்த காடாக இருக்க வேண்டியதில்லை. அதன் ஒழுங்கே போதும். மரத்துக்கு மரம் ஏறத்தாழ 9 மீட்டர் விட்டு முக்கோண வாக்கில் நடுகிறார்கள். ஹெக்டேருக்கு 140 மரங்கள் அளவில் வரும். ஒரு பிளாக்கில் இருப்பவை எல்லாம் ஒரே ஆண்டில் நட்டவை, ஒரே உயரம், ஒரே நிழல். செம்மண் சாலைகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களும் அப்படித்தான். இடது பக்கம் பார்த்தாலும் வலது பக்கம் பார்த்தாலும் கண்ணுக்குக் கிடைப்பது ஒன்றே. மட்டைகள் மேலே கூடிக்கொள்வதால் மலையோ கோயில் கோபுரமோ தெரியாது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. வாய்க்கால் மேடு, உடைந்த பாலம், முனியாண்டி சாமி மரம் என்று அவரிடம் எத்தனையோ அடையாளங்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோலாலம்பூரிலிருந்து சைக்கிளோடு வந்து இறங்குகிறவரிடம் அவற்றில் ஒன்றுகூடக் கிடையாது.

அப்படி வருகிறவர்களுக்கு மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் குறைவில்லை. ஆங்சி மலைக்கு உலு பெண்டுல் வழியாகவும் புக்கிட் பூத்துஸ் வழியாகவும் ஏறுகிறார்கள். ரெம்பாவ் பக்கம் டத்தோ மலை இருக்கிறது. சிலாங்கூர் எல்லையில் புரோகா குன்று; அதன் அடிவாரமே செம்பனைத் தோட்டம்தான். மலைக்காடுகளைப் பார்த்துக்கொள்ள வன இலாகா இருக்கிறது, நுழைவு அனுமதி இருக்கிறது, பயிற்சி பெற்ற மலை வழிகாட்டிகள் இருக்கிறார்கள். மலைக்குக் கீழே லாபு, சிலியாவ், ரந்தாவ், பகாவ் பக்கங்களில் தோட்டத்துக்குத் தோட்டம் கோத்துக்கொண்டு போகும் மண்சாலைகளைக் கேட்க ஆளில்லை. இத்தனைக்கும் சாதாரண மனிதர் நடக்கவும் சைக்கிள் மிதிக்கவும் மலையைவிட ஏற்ற இடம் இதுதான். ஏற்றம் குறைவு, நிழல் உண்டு, கார்களின் இரைச்சல் இல்லை. ஜம்போரி என்ற பெயரில் நடக்கும் சைக்கிள் நிகழ்ச்சிகளும் தோட்டங்களையும் மலாய்க் கம்பங்களையும் (கிராமங்களையும்) ஊடுருவியே போகின்றன. இந்தச் சாலைகளில் சிலவற்றையாவது முறையான நடைபாதையாகவும் சைக்கிள் பாதையாகவும் ஆக்க வேண்டுமென்றால் தார் போட வேண்டாம், பாலம் கட்ட வேண்டாம். பாதை ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதது வழி சொல்லும் பலகை. அதை எங்கே நடுவது, அதில் என்ன எழுதுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பலகை என்றதும் நமக்குத் தோன்றுவது நுழைவாயிலில் நிற்கும் பெரிய வண்ணப் பலகை. திறப்பு விழாவுக்கு அது வசதி. பிரமுகர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். வரைபடம், பறவைப் படங்கள், சின்னங்கள் எல்லாம் அதில் இருக்கும். ஆனால் நுழைவாயிலில் யாரும் வழி தவறுவதில்லை. சந்தேகம் வருவது இரண்டு கிலோமீட்டர் உள்ளே, மூன்றாவது முச்சந்தியில். அங்கே கம்பம்கூட இருக்காது. இங்கிலாந்து இந்த விஷயத்தைச் சட்டமாகவே எழுதிப் பார்த்தது. 1968ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம், பொதுநடைபாதை தார்ச்சாலையிலிருந்து பிரியும் ஒவ்வோர் இடத்திலும் கைகாட்டி நட வேண்டும் என்று சாலை அதிகாரிகளுக்குக் கடமை விதித்தது. அதோடு நிற்கவில்லை. அந்த வட்டாரம் தெரியாதவர்கள் பாதையைத் தொடர்ந்து போக உதவி தேவைப்படும் இடங்களிலும் அடையாளம் வேண்டும் என்றது. வட்டாரம் தெரியாதவர் என்பதுதான் அந்தச் சட்டத்தின் அளவுகோல். நானும் அதையே பிடித்துக்கொள்கிறேன். தோட்டப் பாதைக்குப் பலகைத் திட்டம் போடுகிறவர் முச்சந்தியில் நிற்கும் அந்நியரின் கண்ணால் பார்த்தால் எண், பெயர், பொருள், இடம் என்று மற்ற முடிவுகள் தாமாகவே வந்து விழும்.

முதலில் அந்த முச்சந்தியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். நடந்து வருகிறவர் மணிக்கு 4 அல்லது 5 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறார். நின்று, படித்து, தலையைச் சொறிந்து, திரும்ப அவருக்கு நேரம் உண்டு. சைக்கிளோட்டி 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் நொடிக்கு ஐந்தரை மீட்டர் கடந்துவிடுகிறார். 25 மில்லிமீட்டர் உயர எழுத்தை ஏறத்தாழ 9 மீட்டர் தொலைவிலிருந்து படிக்கலாம் என்பது சாலைப் பலகைக் கணக்கு. அப்படியானால் சைக்கிளோட்டிக்குக் கிடைப்பது இரண்டு நொடிக்கும் குறைவு. எழுத்தை 50 மில்லிமீட்டர் ஆக்கினாலும் மூன்று நொடிக்குச் சற்று மேல்தான். சரளைக்கல் இறக்கத்தில் பிரேக் பிடித்துத் திரும்ப அது போதாது. ஆகவே சைக்கிள் பாதையில் சந்திக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஒரு முன்னறிவிப்பு வேண்டும். அதில் வாசகம் வேண்டாம், எண்ணும் அம்பும் போதும். சந்தியில் கம்பம். பிறகு, பலரும் மறந்துவிடுகிற ஒன்று: திரும்பியபின் 30, 40 மீட்டர் தள்ளி ஒரு சின்ன உறுதிக்குறி, சரியான பக்கம்தான் வந்திருக்கிறோம் என்று நெஞ்சைத் தேற்ற. எல்லா மரமும் ஒன்றுபோல் இருக்கிற இடத்தில் இந்த மூன்றாவது குறி ஆடம்பரமாகாது. அது இல்லாவிட்டால் சந்தேகப்பட்டுத் திரும்பி வருகிறவர்தான் அடுத்த சந்தியில் குழம்பிப்போவார்.

பலகையே எதற்கு, மரத்தில் வண்ணம் பூசினால் ஆகாதா என்று கேட்கலாம். அமெரிக்காவின் அப்பலேச்சியன் நெடும்பாதையில் மரங்களில் பூசிய வெள்ளைப் பட்டைகளைப் பார்த்தே மக்கள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடக்கிறார்கள். நம் தோட்டத்து மரங்கள் அதற்கு இடம் கொடுப்பதில்லை. இளஞ்செம்பனையின் தண்டு முழுக்க வெட்டிய மட்டைகளின் அடிக்கட்டைகள் துருத்திக்கொண்டிருக்கும். இடுக்கில் பெரணிச் செடி முளைத்திருக்கும். பூசுவதற்குச் சமமான பரப்பு ஒரு சாண்கூடக் கிடைக்காது. மரம் முதிர்ந்ததும் அடிக்கட்டைகள் உதிரும், பூச்சும் கூடவே உதிரும். பால்மரத்தில் பரப்பு இருக்கிறது, ஆனால் அந்தப் பட்டைதான் தோட்டத்தின் வருமானம். ஒரு பக்கம் வெட்டி முடித்ததும் மறு பக்கத்துக்குப் போவார்கள், பிறகு புதிதாக வளர்ந்த பட்டைக்குத் திரும்புவார்கள். அதில் ஆணி அடிப்பவரைப் பால்வெட்டுக்காரர் சும்மா விடமாட்டார், விடவும் கூடாது. இன்னொரு சிக்கலும் உண்டு. ஆற்றோரமாக மருந்தடிக்கக்கூடாத பகுதியைக் காட்ட, பல தோட்டங்களில் செம்பனைத் தண்டில் சிவப்பு வளையம் பூசி வைத்திருப்பார்கள். அங்கே வண்ணத்துக்கு ஏற்கெனவே ஒரு பொருள் இருக்கிறது. விருந்தாளி வந்து அதன்மேல் வேறொரு பொருளை எழுதினால் மருந்தடிப்பவரும் குழம்புவார், நடப்பவரும் குழம்புவார்.

எனவே கம்பம்தான். மரக்கம்பம் என்றால் கரையான் விடாது. அலுமினியத் தகடு என்றால் பழைய இரும்புக் கடைக்கு நடந்து போய்விடும். பொதுச்சாலையில் சுற்றுலா இடங்களைக் காட்டும் பழுப்புநிறப் பலகை நாம் அறிந்ததே. தார்ச்சாலை ஓரத்தில் பச்சைப் பின்னணியில் அது எடுப்பாகத் தெரியும். செம்மண்ணுக்கும் காய்ந்த மட்டைக்கும் நடுவே அதே பழுப்பு மறைந்து போகும்; உள்ளே மஞ்சளோ வெள்ளையோ வேண்டும். குட்டையான கல் நட்டால் மூடுபயிர் விழுங்கிவிடும். கேரளத்து ரப்பர் தோட்டங்களில் பழகிப் பிறகு மலேசியத் தோட்டங்களுக்கு வந்த முக்குனா பிராக்டியேட்டா என்ற கொடி, மறுநடவு செய்த நிலத்தில் படரும் வேகத்தைத் தோட்டத்தில் வேலை செய்தவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். முழங்கால் உயரக் கல்லைச் சில வாரங்களில் காணாமல் அடித்துவிடும். இடுப்புக்கு மேல் வரும் கான்கிரீட் கம்பம், அதன் முகத்தில் குழித்து வெட்டி வண்ணம் நிரப்பிய எண், லோரியும் டிராக்டரும் திரும்பும்போது இடிக்காத மூலை: இவ்வளவுதான் தேவை. இதில் புதுமை ஒன்றும் இல்லை. பிளாக் எண்ணும் நட்ட ஆண்டும் எழுதிய கல்லைத் தோட்டங்கள் பல காலமாகத் தாங்களே வார்த்து நட்டு வருகின்றன.

அந்தக் கல்லில் இருக்கும் எண்ணிலிருந்துதான் அடுத்த படி. எத்தனை பலகை வேண்டும், எப்படிப்பட்ட பலகை வேண்டும் என்பதைப் பாதையின் நீளம் தீர்மானிப்பதில்லை, அதன் வடிவம் தீர்மானிக்கிறது. 1891இல் திறக்கப்பட்ட சிரம்பான் போர்ட்டிக்சன் ரயில் தடம் போன்ற ஒன்று பாதையாக மாறினால் அதற்குக் கைகாட்டிகள் அதிகம் தேவைப்படாது. தடம் போகிற போக்கில் போனால் கடற்கரை வந்துவிடும். தோட்டம் அப்படி ஒற்றைக் கோடாக இல்லை, அது ஒரு வலை. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஐம்பது விதமாகப் போகலாம். வலையில் போய் 'சிவப்புப் பாதை', 'நீலப் பாதை' என்று கோடு இழுத்து ஒவ்வொரு கோட்டுக்கும் தனித்தனி அம்பு வைத்தால் ஒரே கம்பத்தில் ஐந்து அம்பு தொங்கும். ஒரு சாலை மூடினால் முழுப் பாதையும் கெட்டது.

இந்தச் சிக்கலை 1995இல் பெல்ஜியத்தின் லிம்பர்க் மாநிலம் அவிழ்த்தது. நிலக்கரிச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, கடைசிச் சுரங்கமும் 1992இல் நின்றுபோன பகுதி அது. சுரங்கப் பொறியாளரான ஹூகோ போலன் சொன்ன யோசனை எளிமையானது: பாதைகளுக்குப் பெயர் வைக்காதே, சந்திகளுக்கு எண் வை. 12இல் நிற்கிறாய், அங்கிருந்து 15க்கும் 31க்கும் 8க்கும் எந்தப் பக்கம் என்று கம்பம் சொல்லும். புறப்படும் முன் 12, 15, 22, 8 என்று துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டால் போதும், அன்றைய பயணம் முடிந்தது. இந்த முறை பெல்ஜியம், நெதர்லாந்து முழுவதும் பரவி ஜெர்மனிக்கும் போயிற்று. ஒரு சாலை மூடினால் அந்த இரண்டு எண்ணுக்கு நடுவில் மட்டும் தடை; மற்றதெல்லாம் அப்படியே நடக்கும். தொழில் ஓய்ந்த நிலத்தைப் பொழுதுபோக்குக்குத் திறந்துவிட்ட லிம்பர்க்கைவிட நம் தோட்டங்களுக்கு இது இன்னும் பொருந்தும் என்பேன், ஏனென்றால் தோட்டம் இன்னும் ஓயவில்லை. இன்று அறுவடை, நாளை மருந்தடிப்பு, அடுத்த ஆண்டு மறுநடவு என்று ஏதாவது ஒரு பகுதி எப்போதும் மூடியே இருக்கும் இடம் அது.

எண்ணை நம்பிப் பயணம் செய்வது தமிழர்களுக்குப் புதியதல்ல. தருமபுரிப் பகுதியில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டின் அதியமான் பெருவழிக் காதக்கற்களைப் பாருங்கள். அவற்றில் ஒன்று நாவற்றாவளத்துக்கு 29 காதம் என்கிறது. அதை எழுத்தில் பொறித்ததோடு விடாமல், பத்துகளைக் குறிக்கப் பெரிய குழி இரண்டும் ஒன்றுகளைக் குறிக்கச் சிறிய குழி ஒன்பதும் வெட்டியிருக்கிறார்கள். எழுத்தறியாத வண்டிக்காரனும் விரலால் தடவி எண்ணிக்கொள்ளலாம். கல் நட்டவனின் மனத்தில் இருந்தது அரண்மனைப் புலவன் அல்ல, வழியில் நிற்கும் வணிகனும் சுமைகாரனும். இன்றைய நெகிரி செம்பிலான் தோட்டத்துக்கும் அந்தக் குழிகள் வேண்டும். அங்கே வேலை செய்கிறவர்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் கணிசம். வந்து நடப்பவர் சீனர், மலாய்க்காரர், தமிழர், வெளிநாட்டவர். எல்லோருக்கும் பொதுவாகப் புரிகிற எழுத்து ஒன்றுதான்: 1, 2, 3.

அப்படியென்றால் எண் மட்டும் போதுமா? போதாது. இங்கேதான் பெல்ஜிய முறையிலிருந்து நான் விலகுகிறேன். எண்ணுக்குக் கீழே ஒரு பெயர் வேண்டும். அது சுற்றுலா இலாகாவின் கவிதைப் பெயராக இல்லாமல், தோட்டத்து மக்கள் அந்த இடத்தைச் சொல்லிவந்த பெயராக இருக்க வேண்டும். காரணம் ஏக்கமோ பெருமையோ இல்லை, வழிதான். எண் மறக்கும், மழையில் அழியும், 16ஐ 61 என்று பதற்றத்தில் மாற்றிச் சொல்ல நேரும். பெயரும் கூடவே இருந்தால் பிழை உடனே தெரியும். எதிரே மோட்டார் சைக்கிளில் வருகிற தோட்டத்துப் பெரியவரிடம் '37 எங்கே?' என்று கேட்டால் விழிப்பார். 'பழைய ஆயாக் கொட்டகை எங்கே?' என்றால் கை நீட்டுவார். 999க்கு அழைத்து ஒருவர் கீழே விழுந்து கிடப்பதைச் சொல்லும்போது மீட்புப் படைக்கு எண் உதவும். வாசலைத் திறந்துவிட வேண்டிய தோட்டக் காவலருக்குப் பெயர் உதவும். ஜெர்மனியின் காடுகளில் மீட்பு வண்டி வந்து சேரக்கூடிய இடங்களுக்குக் குறியீட்டு எண் கொடுத்துப் பலகை வைத்து, அதே எண்ணை மீட்புத் துறைக் கணினியிலும் ஏற்றியிருக்கிறார்கள். நம் சந்திக் கம்பங்களே அந்த வேலையையும் பார்க்கலாம், ஒரே நிபந்தனையோடு: எண் பட்டியல் தோட்ட அலுவலகத்திலும் தீயணைப்பு மீட்புப் படை நிலையத்திலும் இருக்க வேண்டும். பட்டியல் போய்ச் சேராத எண் வெறும் அலங்காரம்.

அந்தப் பெயர்களை எங்கே தேடுவது? கம்பெனிக் கோப்புகளில் தேடினால் கம்பெனிப் பெயர்தான் கிடைக்கும், அது நிலைப்பதில்லை. கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி மூன்றும் 2007இல் ஒன்றாயின. சைம் டார்பி பிளாண்டேஷன் 2024இல் எஸ்டி கத்ரி ஆனது. இத்தனை மாற்றத்திலும் லாபு லாபுவாகவே இருக்கிறது. தோட்டப் பெயர்களை விடாமல் பிடித்து வைத்திருப்பவை தமிழ்ப்பள்ளிகள். மாநிலத்தில் 60க்கும் மேற்பட்டவை உண்டு. சிலியாவ், லின்சம், சுவா பெத்தோங், கெடிஸ், மிடல்டன், ஜெரம் பாடாங் என்று பள்ளிப் பெயர்ப் பட்டியலைப் படித்தாலே பழைய தோட்ட வரைபடம் எழுந்து நிற்கும். லாபுவில் 1ஆம் பிரிவு, 4ஆம் பிரிவு என்று டிவிஷன் எண்ணைக்கூடப் பள்ளிப் பெயர் சுமந்திருக்கிறது. கோயில்கள் இன்னொரு பட்டியல். இவற்றுக்கும் கீழே, எந்தப் பட்டியலிலும் ஏறாத பெயர்கள் இருக்கின்றன: பெரட்டுக் களம், பால் ஸ்டோர் மேடு, கிராணி வீட்டு முக்கு, இத்தனையாம் கட்டை என்கிற வகை. அவை இருப்பது தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வாழ்ந்து இப்போது தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடுகளில் இருக்கும் அறுபது, எழுபது வயதுக்காரர்களின் வாயில்.

இதில் அவசரமும் உண்டு. சிரம்பான், போர்ட்டிக்சன் மாவட்டங்களில் சுமார் 153,000 ஹெக்டேரைத் தழுவும் மலேசியா விஷன் வேலி வளர்ச்சித் திட்டம் நடப்பில் இருக்கிறது. செண்டாயானில் தோட்டம் இருந்த இடத்தில் நகரமே எழுந்துவிட்டது. சாலை மாறும்போது பெயர் மாறுவது இயல்பு; அதைத் தடுக்க முடியாது. ஆனால் எங்கே பாதை எஞ்சுகிறதோ அங்கே பெயரையும் விட்டுவைக்க ஒரு கம்பம் போதும். மலாய்க் கம்பத்து மக்களும் தெமுவான் பழங்குடியினரும் ஓடைக்கும் குன்றுக்கும் வைத்த பெயர்கள் இருந்தால் அந்த இடத்துக்கு அவையே முதல். ஜெம்போலில் படகுகளை ஆற்றிலிருந்து ஆற்றுக்குத் தரைவழியே இழுத்துப்போன பெனாரிக்கான் வழி, எந்தத் தோட்டத்துக்கும் முந்தியது. எல்லாச் சந்திக்கும் தமிழ்ப் பெயர் ஒட்டுவது என் நோக்கமில்லை. லயம் இருந்த இடத்துக்கு லயத்தின் பெயர் என்கிறேன், அவ்வளவே.

மொழிச் சிக்கலைச் சிலர் கிளப்பக்கூடும். பொது அறிவிப்பில் தேசிய மொழி முதலிடத்தில், எடுப்பாக இருக்க வேண்டும். அதில் விவாதமே இல்லை. சந்திக் கம்பத்தில் வாசகமே மிகக் குறைவு என்பதால் இங்கே மோதல் எழ இடமும் குறைவு. எண் எல்லோருக்கும் பொது. இடப்பெயரை ரோமன் எழுத்தில் மலாய் வழக்கப்படி பெரிதாக எழுதி, அதனடியில் சிறிதாகத் தமிழில் எழுதலாம். எச்சரிக்கைகளை மலாயிலும் ஆங்கிலத்திலும், தொழிலாளருக்குப் புரியும் படக்குறியிலும் வைக்கலாம். நான்கு மொழியில் நீண்ட வரலாறு எழுத விரும்புகிறவர்கள் அதை நுழைவாயில் பலகையில் எழுதட்டும். அங்கே நின்று படிக்க நேரம் இருக்கிறது.

கைப்பேசி இருக்கும் காலத்தில் கம்பம் எதற்கு என்பது அடுத்த கேள்வி, நியாயமான கேள்வி. செயற்கைக்கோள் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைச் சில மீட்டர் பிசகோடு சொல்லிவிடும். ஆனால் வரைபடத்தில் தெரியும் கோடு பொதுச்சாலையா, தோட்டத்துச் சொந்தச் சாலையா, மறுநடவில் மண்ணைப் புரட்டிப் போட்டு இல்லாமலே போனதா என்பது அதற்குத் தெரியாது. எந்தச் சங்கிலிக் கதவு பூட்டியிருக்கிறது, எந்த மரப்பாலம் போன மழையில் போனது என்பதும் தெரியாது. சிக்னல் கிடைக்காத பள்ளங்கள் உண்டு; வியர்வைக் கையோடு திரையைத் தொட்டுக்கொண்டே சைக்கிள் ஓட்டுவதும் நல்ல பழக்கமில்லை. கைப்பேசியையும் கம்பத்தையும் எதிரெதிரே நிறுத்த வேண்டிய அவசியமும் இல்லை. கம்பத்து எண்ணை வரைபடச் செயலிகளில் ஏற்றிவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று சரிபார்க்கும்.

தோட்ட நிர்வாகத்தின் மறுப்பு இவற்றைவிடக் கனமானது. இது சொந்த நிலம். வாசலில் 'டிலாராங் மாசோக்' (நுழையத் தடை) என்று எழுதி வைத்திருப்பது விளையாட்டுக்கல்ல. இங்கிலாந்தைப் போலக் காலங்காலமாக நடந்துவந்த பாதை என்பதற்காகப் பொது உரிமை கோருகிற ஏற்பாடு நம்மிடம் வேரூன்றவில்லை. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத் தொகுப்பு, பொதுச்சாலை, ஆறு, கடற்கரை போன்ற இடங்களுக்குப் போய்ச்சேர வழியுரிமை ஏற்படுத்த நில நிர்வாகிக்கு அதிகாரம் கொடுக்கிறது; ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் ஓட்டுவதற்காக அதைப் பயன்படுத்தச் சொன்னால் எந்த மேனேஜரும் வாசலை இன்னும் இறுக்கிப் பூட்டுவார். அவர் பயத்திலும் பொருள் இருக்கிறது. அறுவடை நடக்கும் பிளாக்கில் நீண்ட அலுமினியக் கம்பின் நுனியில் அரிவாள் தலைக்கு மேலே வேலை செய்கிறது. 20 கிலோ எடையுள்ள குலையும் ஆறேழு மீட்டர் மட்டையும் விழுகின்றன. அந்த நேரத்தில் ஒருவர் காதில் பாட்டுக் கேட்டபடி கீழே மிதித்துப் போனால் என்ன ஆகும்?

இதற்கு விடை, அனுமதிப் பாதை. நிலம் தோட்டத்துடையது, பாதை தோட்டம் விரும்பி விடுவது, திரும்பப் பெறவும் அதற்கு உரிமை உண்டு என்று எழுத்தில் ஒப்பந்தம். பலகைத் திட்டமும் அந்த ஒப்பந்தத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். அறுவடைச் சுற்று ஒரு பிளாக்குக்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை வருகிறது. அதன் அட்டவணை அலுவலகத்தில் முன்கூட்டியே இருக்கும். ஒவ்வொரு சந்திக் கம்பத்திலும் புரட்டிப் போடக்கூடிய சிறு தகடு ஒன்று வைத்தால், காலையில் பெரட்டு (ஆள்கணக்கெடுப்பு) முடிந்து போகிற மண்டோர் (மேற்பார்வையாளர்) 'இன்று மூடல்' பக்கத்தைத் திருப்பிவிட்டுப் போகலாம். எண் முறை இருப்பதால் நடப்பவர் திரும்பி வீட்டுக்குப் போக வேண்டியதில்லை, 15க்குப் பதிலாக 31 வழியே சுற்றிக்கொள்வார். இன்று பலகை இல்லாமல் வருகிறவர் எங்கே திரும்புகிறார் என்பது நிர்வாகத்துக்குத் தெரியாது. பலகை, வருகிறவரை அழைப்பதோடு, வேண்டாத பிளாக்கிலிருந்து விலக்கியும் வைக்கிறது. குலைத் திருட்டு பெருகும் என்று சிலர் அஞ்சுவார்கள். லோரி கொண்டுவந்து குலை ஏற்றுகிறவருக்குத் தோட்டம் அத்துப்படி. நம் கைகாட்டி அவருக்குத் தேவையே இல்லை. ஆனாலும் குலை சேகரிக்கும் மேடைகளையும் சேமிப்புக் கொட்டகைகளையும் ஒட்டிப் பாதையை விடாமல், ஓரச் சாலைகளில் விடுவது விவேகம். அந்த அளவுக்கு மேனேஜர் சொல்வதைக் கேட்கத்தான் வேண்டும்.

பராமரிப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்னதெல்லாம் வீண். சுவிட்சர்லாந்தின் மஞ்சள் கைகாட்டிகள் சுமார் 65,000 கிலோமீட்டர் நடைபாதையை ஆள்கின்றன. அவற்றைத் தாங்கி நிற்பது ஊருக்கு ஊர் இருக்கும் தன்னார்வலர்களும், 1979இல் மக்கள் வாக்களித்து அரசியலமைப்பில் ஏற்றிய பொறுப்பும். அந்தப் பலகைகளில் தொலைவுக்குப் பதில் நடை நேரம் எழுதுகிறார்கள், தட்டைத் தரையில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் என்ற கணக்கில். அதை நாம் அப்படியே எடுக்க வேண்டாம். பிற்பகல் இரண்டு மணி வெயிலிலும் மழைக்குப் பிந்திய சேற்றிலும் அந்தக் கணக்கு நிற்காது, ஒரே பாதையில் சைக்கிளும் வருகிறது. நமக்குக் கிலோமீட்டர் போதும். கொரியாவின் ஜெஜு தீவில் முன்னாள் பத்திரிகையாளர் சோ மியொங் சுக் 2007இல் தொடங்கிய ஒல்லே பாதை இன்னும் மலிவானது: போகும் திசைக்கு நீலம், எதிர்த் திசைக்கு ஆரஞ்சு, கிளைகளில் கட்டிய நாடாக்கள். மலிவு என்பதால் அறுந்தால் உடனே வேறு கட்டலாம். சந்திகளுக்கு நடுவில் வரும் உறுதிக்குறிகளுக்கு அந்த நாடா நமக்கும் உதவும், கொடி மூடிய இடத்தில்கூட உயரக் கட்டலாம். ஒரு நிபந்தனை: வேறு யாரும் நாடா கட்டக்கூடாது. ஜம்போரி முடிந்தபின் கழற்றாமல் விட்ட அம்பு, பலகையே இல்லாததைவிடக் கெட்டது; அது தவறான திசையை உறுதியாகக் காட்டும். நிகழ்ச்சி நடத்துவோரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, எல்லாக் குறியும் அகற்றியபின் திருப்பித் தரலாம்.

செலவுக் கணக்கையும் அதே கண்ணோடு போட வேண்டும். 12 கிலோமீட்டர் வலையில் 30 சந்திகள் என்று வைத்துக்கொண்டால், 30 கான்கிரீட் கம்பம், அதைப்போல இரு மடங்கு சிறு குறிகள். நுழைவாயில் வளைவு ஒன்றைக் குறைத்துக்கொண்டாலே பெரும்பகுதி தேறிவிடும். கம்பத்தைவிட முக்கியம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு டப்பா வண்ணமும் ஒரு கத்தியும் எடுத்துக்கொண்டு சுற்றி வருகிற இருவர். அவர்களில் ஒருவராவது அந்த வட்டாரம் தெரியாதவராக இருந்தால் நல்லது. தெரிந்தவர் கண்ணுக்கு மறைந்த பலகையும் தெரியும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால் ஒரே ஒரு தோட்டத்தில், அடுத்த பத்தாண்டில் மறுநடவு வராத பிளாக்குகளில் என்பேன். செம்பனையின் ஆயுள் இருபத்தைந்து ஆண்டு வாக்கில். முதிர்ந்த பிளாக்கில் கம்பம் நட்டால் எந்திரம் வந்து மரத்தோடு அதையும் பெயர்த்துப் போட்டுவிடும். நட்ட ஆண்டு கல்லிலேயே இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். கம்பம் வார்க்கும் முன் அத்தோட்டத்துப் பள்ளியின் பழைய மாணவர்களையும் கோயில் கமிட்டியையும் கூப்பிட்டு உட்காரவைத்து, சந்திகளுக்கு எண் மட்டும் போட்ட வெற்று வரைபடம் ஒன்றைக் கொடுத்துப் பெயர்களை எழுதச் சொல்ல வேண்டும். ஒரே சந்திக்கு இரண்டு பெயர் வரும், சச்சரவும் வரும். வந்தால் இரண்டையும் எழுதிவிடலாம். கம்பத்துக்கு இரண்டு முகமாவது இருக்கிறதே.